ஆர்விட்டின் வண்டிக்கு ஒரு சகலகலா ரைபிள்

நாகரிக உலகம் இதுவரை எடுத்த முடிவுகளில் ஆழமானது எது என்று யாராவது கேட்டால், மொன்டானா மாநிலத்து வில்லோ கூலி என்ற ஊரைக் கூச்சமில்லாமல் கை காட்டலாம். ஆர்விட் டோஸ்ட்ரட்டின் பிக்கப் வண்டியில் எந்த ரைபிளை வைப்பது என்பதை அந்த ஊர் ஐந்தே வாரங்களில் தீர்மானித்தது. நாட்டு எல்லைகளைக்கூட இதைவிட அவசரமாகத்தான் வரைந்திருக்கிறார்கள்.

ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கின. பண்ணையில் மாடுகள் ஆர்விட்டுடையவை, ஆடுகள் அவர் மனைவி மிர்னாவுடையவை. இரண்டாம் நாளே ஒரு குட்டியைக் கயோட்டி தூக்கிக்கொண்டு போனது. கயோட்டி நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. வேலியை அது மதிப்பதில்லை.

“வண்டியில ஒரு துப்பாக்கிய வச்சுக்கயேன்,” என்றாள் மிர்னா.

வீட்டு இரும்புப் பீரோவில் ஆறு ரைபிள்கள் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் ஒன்றை உருவி இருக்கைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். ஆர்விட் அப்படிப்பட்ட மேலோட்டமான ஆள் அல்ல. ஒன்று தரையணிலுக்கு, ஒன்று மானுக்கு, ஒன்று எல்க் என்கிற ராட்சத மானுக்கு, ஒன்று அப்பா ஞாபகத்துக்கு, ஒன்று விருந்தாளிகளிடம் காட்டுவதற்கு. ஆறாவது எதற்கு என்று மறந்துவிட்டது, ஆனால் கயோட்டிக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம். வண்டி ரைபிள் என்றால் தரையணில் முதல் கரடி வரை எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். தூசி, பனி, கொட்டிய காபி, நாய் முடி அத்தனையையும் தாங்க வேண்டும். இது தனி மனிதன் முடிவு செய்கிற விஷயமா?

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊர்க் காபிக் கடையில் ‘உயர்மட்டக் குழு’ கூடியது. ஆர்விட்டையும் சேர்த்து, வழக்கமாக அங்கே உட்காரும் ஆறு பேர்தான். யார் காபி வாங்கித் தருவது என்று தோல் குவளையில் பகடை குலுக்கிப் பார்ப்பதே அதுவரை அவர்களுடைய பெரிய பணி. சாலைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற வெர்ல், யாரும் கேட்காமலே தலைமை ஏற்றார்.

“முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிக்குவோம்,” என்றார் வெர்ல். “ஆர்விட், கரடி வந்தா என்ன பண்ணுவே?”

“நம்ம பக்கம் கரடி வந்து நாற்பது வருஷம் ஆச்சே.”

“அப்ப வர வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம்.”

குழு தலையசைத்தது. கரடி சேர்க்கப்பட்டது. அன்று மட்டுமே எல்க், காட்டுப்பன்றி, எதிர்காலத்தில் தென்படக்கூடிய இன்னும் இரண்டு விலங்குகள் பட்டியலில் ஏறின. ஒன்பது மணிக்குக் கூட்டம் கலைந்தபோது ஏதோ விடுபட்டது என்று டெல்மருக்கு உறுத்தியது. குழுவில் ஒருவரான அவர் மிர்னாவின் அண்ணன்.

“மாப்ள, கயோட்டிய எழுதினோமா?”

“அது தன்னால அடங்கும் மச்சான். கரடிய அடிக்கிறது கயோட்டிய அடிக்காதா?”

“அடிக்கும். ஆனா மிச்சம் எதுவும் இருக்காது,” என்றார் வெர்ல். உடனே தோட்டாவின் அளவு மறுபரிசீலனைக்குப் போனது. அதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

அந்த வாரம் மூன்று குட்டிகள் போயின. ஆர்விட் வீடு திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு தாய் ஆடு வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருக்கும், மடி கனத்துப் போய். மிர்னா அதைப் பிடித்துப் பால் பீய்ச்சிவிட்டபடி, “தொண்டை கட்டற வரைக்கும் கத்துது பாரு,” என்பாள். ஆர்விட் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதனால்தான் மறுநாள் கூட்டத்துக்கு இன்னும் அரை மணி முன்னதாகக் கிளம்பினார்.

இரண்டாம் வாரம் டெல்மர் ஒரு அபாயகரமான யோசனை சொன்னார். “முடிவாகற வரைக்கும் வீட்டுல இருக்கறதுல ஒண்ண எடுத்து வச்சுக்கட்டுமே?”

“தற்காலிகமாவா?” வெர்ல் கோப்பையை மேசையில் வைத்தார். “மில் ஓடைக்கு நான் போட்ட தற்காலிகப் பாலம் இருபத்திரண்டு வருஷமா நிக்குது. தற்காலிகம்னு ஆரம்பிச்சா அதோட கதை முடிஞ்சுது.”

யோசனை ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. டெல்மரும் எதிர்த்து வாக்களித்தார்.

மூன்றாம் வாரம் முழுக்க, குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி. பெரிதாகக் காட்டுவதா, அகலமாகக் காட்டுவதா என்பதில் இரண்டு நண்பர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். நான்காம் வாரம் துப்பாக்கியின் நிறம் வந்தது. ஐந்தாம் வாரம் இறுதிப் பட்டியலில் இருந்த இரண்டு ரைபிள்களுக்கும் மூன்று மூன்று வாக்குகள் விழுந்தன. பிறகு வெர்ல் தோல் குவளையை எடுத்துப் பகடையைக் குலுக்கினார். ஐந்து வார அறிவியல் ஆய்வின் முடிவு நாலும் மூணுமாக விழுந்தது. ஆர்விட் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ரைபிள் வந்தது. இரும்புத் தாங்கி, பஞ்சு வைத்த பெட்டி, பெட்டிக்குப் பூட்டு, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, அதற்கும் பூட்டு எல்லாம் வந்தன. வெளியே எடுக்கச் சரியாக நாலு நிமிஷம்தான். அறுபது வயதில் இப்படி ஒரு முழுமை தனக்கு வாய்க்கும் என்று ஆர்விட் நினைத்ததே இல்லை. ‘பணியில் அமர்த்தும்’ விழாவுக்காகக் குழு முழுவதும் மூன்று வண்டிகளில் பண்ணைக்கு வந்தது.

மிர்னா டிராக்டரில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது. காலையிலிருந்து தனியாகக் கொட்டகையில் பிரசவம் பார்த்திருக்கிறாள்.

“மிர்னா, வந்து பாரு!” என்றார் ஆர்விட். “தரையணில்லேர்ந்து கரடி வரைக்கும்!”

“இன்னைக்கும் கயோட்டி வந்துச்சு.”

“அடடா! நாங்க இருந்திருந்தா...”

“டிராக்டர் ஹாரனை மூணு தடவை அடிச்சேன். ஓடிப்போச்சு.”

குழு அதிர்ந்தது. “ஹாரனா?” என்றார் வெர்ல். “அது எத்தனை கெஜம் வரைக்கும் போகும்?”

“குட்டி பொழைக்கிற வரைக்கும்,” என்றாள் மிர்னா. கணவரைப் பார்த்தாள். கோபம் தீர்ந்துபோய் அலுப்பு மட்டும் குரலில் இருந்தது. “உன் வண்டி கேட்டைத் தாண்டினதும் மேட்டுலேர்ந்து இறங்குது ஆர்விட். இன்னைக்குக் கண்ணால பார்த்தேன். தினம் உனக்காகத்தான் காத்திருந்திருக்கு. நீ சீக்கிரம் போனா அதுவும் சீக்கிரம் வருது. பதினோரு குட்டி.”

ஆர்விட் பெட்டியின் பூட்டைத் தடவியபடி நின்றார். அந்த ஐந்து வாரத்தில் ஒரே ஒரு காலை வீட்டில் இருந்திருந்தால் என்று முதல்முறையாகத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

வெர்ல் தொண்டையைச் செருமினார். தலைவர் என்றால் இப்படிப்பட்ட நேரத்தில்தான் கலங்காமல் இருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“பதினோரு உயிர். சும்மா விடறதுக்கில்ல. நீதான் நேர்ல பார்த்தவ மிர்னா, குற்றவாளியோட அடையாளத்தச் சொல்லு.”

மிர்னா ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“எழுதிக்கோ,” என்றாள். “மொத்தம் ஆறு பேரு. வயசு அறுபதாவது இருக்கும். தினம் காலையில ஆறு மணிக்குக் காபிக் கடைக்குப் போனா கையும் களவுமாப் பிடிக்கலாம்.”