சாமத்தியவீட்டுக்குள் ஒளிந்த கௌபாய்கள்

“சனிக்கிழமை அவற்ற படம் எல்லாம் பிரொக்கிக்குப் போகுது. மனுசனுக்கு மூச்சுக் காட்டிப்போடாதை.”

இது என் மனைவி ஜெயகௌரியின் குரல். எங்கள் கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் இருந்து வந்தது. நான் பக்கத்தில் எங்கள் சாமான் அறைக்குள் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். இறக்கினால் சத்தம் கேட்கும். இறக்காவிட்டால் நாரி முறியும். நாரியைப் பார்க்காமல் மிச்சத்தையும் கேட்டேன்.

“எல்லாமோ அக்கா?” இது மேல்வீட்டுத் தில்லைநாயகி.

“எல்லாம்தான். ஒரு குதிரையும் மிஞ்சக்கூடாது.”

பிரொக்கி என்பது இந்த ஊரின் பழைய சாமான் கடை. செத்தவர்களின் கட்டிலும் விவாகரத்தானவர்களின் கோப்பைகளும் கடைசியில் போய்ச் சேரும் இடம். என் குதிரைகள் அங்கே போகப்போகின்றன.

குதிரைகள் என்றால் பழைய அமெரிக்கப் படங்கள். நூற்றுப் பன்னிரண்டு டிஸ்க். கௌபாய்கள், தொப்பி வைத்த துப்பறிவாளர்கள், அட்டையில் செய்த பறக்கும் தட்டு, அதிலிருந்து இறங்கும் ரப்பர் பூதம். எல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்தவை. தொண்ணூறாம் ஆண்டு அகதியாக வந்தபோது எங்கள் முகாமில் ஒரே ஒரு தொலைக்காட்சி இருந்தது. அதில் இந்தப் படங்கள்தான் ஜெர்மன் பேசின. நான் ஜெர்மன் படித்தது அவற்றிடம். ‘கையை மேலே தூக்கு’ என்பது எனக்கு ‘நன்றி’க்கு முதலே தெரியும். நகரசபை அலுவலகத்தில் முதல்தரம் கதைத்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உண்மையாகவே கையை மேலே தூக்கிவிட்டாள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தவை குடும்பத் தொடர்கள். அங்கே கணவன் வேலையால் வருவான். மனைவி கழுத்தில் முத்துமாலையோடு அடுப்பில் நிற்பாள். ஓடி வந்து தொப்பியை வாங்குவாள். அவனைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு கதிரை நகராது. பெட்டி தூக்கும் வேலையில் எட்டு மணித்தியாலம் கழித்துவிட்டு வந்து அந்த வீட்டுக்குள் ஒரு அரைமணித்தியாலம் குடியிருப்பேன். அது முடிந்ததும், “குப்பை எடுத்து வைச்சனீங்களோ?” என்று என் வீடு கேட்கும்.

பிரச்சினை படம் அல்ல, அறை. எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் சுவர் நிறையத் தட்டு, தட்டு நிறையப் படம், நடுவில் ஒரு சோபா, சோபாவில் நான். கௌரிக்கு அந்த அறை வேண்டும். ‘ஹைம்’ என்று நாங்கள் சொல்லும் முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாக உதவியாளராக வேலை செய்கிறாள். வருகிற ஆகஸ்டில் தாதிப் படிப்புத் தொடங்கப் போகிறாள். இப்போதே புத்தகங்கள் வந்துவிட்டன. அவற்றைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, நான் சாம்பார் சட்டியை மனித இருதயத்தின் படத்துக்குமேல் வைக்காதபடி காவல் இருக்கிறாள்.

“நாப்பத்தாறு வயதில என்ன படிப்பு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அம்பத்தேழு வயதில என்ன குதிரை?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அறை கேட்கும்போதெல்லாம் நான் “ஓம், பாப்பம்” என்பேன். இரண்டு வருடம் அப்படிப் பார்த்தேன். இப்போது அவள் பிரொக்கியைப் பார்த்துவிட்டாள்.

துப்பறியும் படங்களில் நான் படித்த பாடம் ஒன்று உண்டு. ஒரு பொருளை ஒளிப்பதென்றால் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒளிக்க வேண்டும். யாரும் திறக்காத, ஆனால் யாரும் எறியவும் துணியாத பொருள் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? ஐந்து நிமிடம் யோசித்தேன். வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரி மினுங்கியது.

அதற்குள் எங்கள் இனசனத்தின் விழா டிஸ்குகள். கனடா மச்சாளின் கலியாணம், லண்டன் சித்தப்பாவின் அறுபதாம் கலியாணம், ஃப்ரிபூர்க்கில் இருக்கும் என் அக்காவின் மகள் தர்மிகா பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீடு, இப்படி முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு டிஸ்க். வெல்வெட் உறை, பொன் எழுத்து, அட்டையில் தாமரைக்குள்ளிருந்து எழும்பும் பிள்ளை. வந்த அன்று முதல் பத்து நிமிடம் பார்ப்போம். எங்கள் முகம் வருகிறதா என்று தேடுவோம். வந்ததும் நிறுத்தி அலுமாரிக்குள் வைப்போம். பிறகு அவற்றைத் தொடுவது தூசி மட்டும்தான். ஆனால் எறிய முடியாது. எறிந்தால் அந்தக் குடும்பத்தோடு ஏழு தலைமுறைக்குக் கதை இல்லை.

வெள்ளிக்கிழமை கௌரிக்குப் பின்னேர வேலை. நான் கதவைப் பூட்டிக்கொண்டு தொடங்கினேன். கௌபாய்களைச் சாமத்தியவீட்டு உறைகளுக்குள் குடியேற்றினேன். பூதங்களைக் கனடாக் கலியாணத்துக்குள் விட்டேன். ஆனால் படப்பெட்டிகளை வெறுமையாக விடலாமா? குலுக்கிப் பார்த்தால் பிடிபடும். ஆகவே விழா டிஸ்குகளைப் படப்பெட்டிகளுக்குள் போட்டேன். மூன்று பெட்டிக்கு டிஸ்க் குறைந்தது. எங்கள் சொந்தக் கலியாணம் சரியாக மூன்று டிஸ்க். இருபத்தாறு வருடமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன், இனிப் படத்திலும் பார்க்கவேண்டுமா என்று அதையும் போட்டேன்.

சனிக்கிழமை வேலையால் வந்தேன். தட்டு வெறுமை. நான் சோபாவில் விழுந்தேன். நெஞ்சைப் பிடித்தேன். அழகாக நடித்தேன் என்று நானே சொல்லக்கூடாது.

“கௌரி! என்ர படம் எங்க?”

“குடுத்திட்டன்.”

“முப்பது வருசத்துச் சேமிப்பு! என்னைக் கேக்காமல்!” கண்ணில் இரண்டு சொட்டுத் தண்ணீரும் வந்தது. நடுத்தட்டில் தூசி இருந்தது. “சரி. நடந்தது நடந்துபோச்சு. படம்தான் இல்லை. இந்த அறையாவது எனக்கு ஒரு ஆறுதலுக்கு இருக்கட்டும்.”

“இருங்கோ, முழுக்கக் கேளுங்கோ. பிரொக்கியில டிஸ்க் எடுக்கமாட்டினமாம். எங்கட ஹைமுக்குக் குடுத்திட்டன். அங்க உள்ள கிழடுகள் எல்லாம் இந்தப் படங்களைப் பாத்து வளந்ததுகள். நாளைக்கு மூண்டு மணிக்குப் பெரிய திரையில போடினம்.”

“நாளைக்கோ?”

“ஓம். உங்களையும் வரச் சொன்னவை. படத்தைப் பற்றி நாலு வசனம் சொல்லோணுமாம். நீலச் சேர்ட்டை அயன் பண்ணி வைச்சிருக்கிறன்.”

இம்முறை நெஞ்சைப் பிடித்தது நடிப்பு அல்ல.

எந்தப் பெட்டியை எடுப்பார்கள்? எதற்குள் என்ன போட்டேன்? எனக்கே நினைவில்லை. திரை முழுக்கத் தர்மிகா மஞ்சள் தண்ணியில் நிற்பாளோ? உண்மையைச் சொன்னால் அலுமாரிக்குள் இருக்கும் குதிரைகள் பிடிபடும். சொல்லாவிட்டால் நான் பிடிபடுவேன். அடுத்தநாள் காலை காய்ச்சல் என்றேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவளிடம் காய்ச்சல் என்று சொல்லக்கூடாது. வெப்பமானி வாய்க்குள் வந்துவிட்டது.

“முப்பத்தாறரை. எழும்புங்கோ.”

இல்லத்தின் கூடத்தில் நாற்பது பேர். சக்கர நாற்காலிகள் ஒரு பக்கம், தடிகள் ஒரு பக்கம். முன்வரிசையில் தொண்ணூற்றொரு வயதுக் கிழவர் ஹெர் ஷ்டூடர். தலையில் உண்மையான கௌபாய்த் தொப்பி. இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா ஃபிராவ் எக்லி என்னை ‘நிபுணர்’ என்று அறிமுகப்படுத்தினார். நான் எழும்பி, இந்தப் படத்தில் ஒரு தனி மனிதன் பெரும் ஆபத்தை எதிர்கொள்கிறான் என்றேன். அது எந்த டிஸ்குக்கும் பொருந்தும்.

கௌரி பெட்டியைத் திறந்தாள். அட்டையில் குதிரை பாய்ந்தது. டிஸ்க் உள்ளே போனது. விளக்கு அணைந்தது.

நாதஸ்வரம் கேட்டது.

திரையில் தாமரை விரிந்தது. அதற்குள் நான். தலைப்பாகையோடு, ஐம்பத்தைந்து கிலோவில், மீசை மட்டும் தனியாக இரண்டு கிலோ. எங்கள் கலியாணம், முதலாம் டிஸ்க்.

ஹெர் ஷ்டூடர் என் பக்கம் திரும்பினார். “இவன்தான் ஷெரீப்பா?”

“ஓம்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“இவனுடைய குதிரை எங்கே?”

“பிறகு வரும்.”

ஐயர் ஓமம் வளர்த்தார். புகை எழும்பியது. “சுட்டுவிட்டார்கள்!” என்று ஹெர் ஷ்டூடர் கையைத் தட்டினார். பின்வரிசையில் ஒரு அம்மா, இவ்வளவு நகையோடு பெண்ணை வெளியே கூட்டிவந்தால் கொள்ளைக்காரர் வராமல் இருப்பார்களா என்று கவலைப்பட்டார். பெண் மணவறைக்கு வந்தபோது நாற்பது பேரும் ஒரே மூச்சாக ஆ என்றார்கள். நான் தாலி கட்டினேன். என் கை நடுங்குவது பெரிய திரையில் பெரிதாகவே தெரிந்தது.

“பயப்படுகிறான்” என்றார் ஹெர் ஷ்டூடர். “பெண்ணைப் பாருங்கள், பயமே இல்லை. கடைசியில் இவள்தான் வெல்வாள். நான் எத்தனை படம் பார்த்திருக்கிறேன்.”

விளக்கு எரிந்தது. கைதட்டல் நிற்கவில்லை. அந்த ஒல்லிப் பையன் பிறகு என்ன ஆனான் என்று ஃபிராவ் எக்லி கேட்டார். கௌரி என்னைக் கை காட்டினாள். நாற்பது தலைகளும் என் வயிற்றைப் பார்த்தன. அடுத்த ஞாயிறு இரண்டாம் டிஸ்க், விளங்கப்படுத்த இவர் கட்டாயம் வருவார் என்று கௌரி எல்லோருக்கும் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“எப்ப தெரியும்?” என்று கேட்டேன்.

“நேற்றுக் காலமை அடுக்கேக்க ஒரு பெட்டி விழுந்து திறந்தது. உள்ளுக்க இருந்து நான் என்னையே பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்தன்.”

“அப்ப தெரிஞ்சுகொண்டே போட்டனியோ?”

“என்ர கலியாணம். நான் போடுவன். மற்ற டிஸ்க் ஒண்டும் ஹைமுக்குப் போகேல்லை. தில்லைநாயகி வீட்டில பத்திரமாக் கிடக்கு.”

“கீழ கெலருக்குள்ள, உடுப்புத் தோய்க்கேக்க நீ கதைச்சதை நான் கேட்டனான். அதாலதான்...”

“நீங்கள் கேக்கோணும் எண்டுதானே கதைச்சனான். சாமான் அறையில லைட் எரிஞ்சுது, உங்கட செருப்பு அதின்ர வாசல்ல கிடந்துது. நான் சொல்லி நீங்கள் இரண்டு வருசமா ஒரு பெட்டி நகத்தேல்லை. பயந்தா நீங்களே காவிக்கொண்டுபோய் எங்கயாவது ஒளிப்பீங்கள், அறை காலியாகும் எண்டு நினைச்சன். சாமத்தியவீட்டுக்குள்ள ஒளிப்பீங்கள் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லையப்பா.”

அவள் கைப்பையைத் திறந்து கைத்தொலைபேசியை எடுத்தாள்.

“ஆருக்கு எடுக்கிறாய்?”

“ஃப்ரிபூர்க் மச்சாளுக்கு. தர்மிகாவின்ர சாமத்தியவீட்டை மச்சாளின்ர சொந்தத் தம்பி பிரொக்கிக்கு அனுப்பப் பாத்தவர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுவம்.”

என் அக்காவை உங்களுக்குத் தெரியாது. அந்தச் சாமத்தியவீட்டுக்கு நான் அரைமணித்தியாலம் பிந்திப் போனதற்கு எட்டு வருடம் என்னோடு கதைக்காதவர். போன தீபாவளிக்குத்தான் “தம்பி, சாப்பிட்டியோ” என்று கேட்டார்.

“கௌரி, வை. போனை வை.”

“ஏன்?”

“அறையை எடு.”

“கேக்கேல்லை. பஸ் இரையுது.”

“அறையை எடு எண்டு சொல்லுறன்! படத்தையும் ஹைமுக்கே குடு!”

பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கௌரி தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்தாள். ஆனால் பையின் வாயை மூடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சாப்பாட்டு மேசையில் இருந்த புத்தகங்களை அடுக்கினாள். நான் சின்ன அறை வாசலில் நின்று சுவர்த் தட்டுகளைப் பார்த்தேன். எட்டுத் தட்டு. எல்லாம் நானே பூட்டியவை. கடைசியாக எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை, சத்தம் கேட்கும் என்று போத்தல்கூட எறியக்கூடாது.

“கௌரி, இண்டைக்குக் கழட்டேலாது. ஆணி கழட்டுற மிசின் பிடிச்சா இரையும். கீழ்வீட்டு மனிசி பொலிசுக்குப் போன் அடிப்பா. நாளைக்கு எனக்கு வேலை. அடுத்த கிழமை பாப்பம்.”

அவள் குசினிக்குள் போனாள். லாச்சியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மரப்பிடி போட்ட பழைய திருப்புளி ஒன்றை என் கையில் வைத்தாள்.

“இது இரையாது” என்றாள்.

நான் கதிரையில் ஏறி முதலாவது திருகாணியைக் கழற்றினேன்.