கருப்பு தோசையும் கல்யாணப் பேச்சும்

ஓட்டல் தொழில் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக விற்றுக்கொண்டிருக்கும் தோசையைப் பார்த்தாலும், இதை வேறு மாதிரி செய்தால் என்ன என்று கை அரிக்கும். எனக்கு அது முற்றியிருந்த சமயத்தில்தான் என் தாய்மாமா, அடையாறில் தான் நடத்தும் டிபன் கடையின் மெனுவை என்னிடம் ஒப்படைத்தார். எதிரே புதிதாக வந்த காபி கடை, கல்லூரிக் கூட்டத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு போயிருந்தது.

"புதுசா ஏதாவது பண்ணும்மா. சாப்பிடுற மாதிரி இருக்கட்டும்," என்றார் மாமா.

நான் பண்ணியது கருப்பு தோசை. உணவுக்கென்றே விற்கும் கொட்டாங்கச்சிக் கரித்தூளை மாவில் கலப்பது. கருப்பு பர்கர், கருப்பு ஐஸ்கிரீம் என்று ஊரே போட்டோ போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சிட்டிகை போதும் என்றது பாக்கெட். சிட்டிகைக்கு தோசை சாம்பல் நிறத்தில் சோகமாக வந்தது. கை நிறைய அள்ளிப் போட்டேன். (படம் நன்றாக விழ வேண்டாமா?) ருசி பார்த்தேன், பிரமாதம். கண்ணாடிதான் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை முதலில் வந்தது இரண்டு குடும்பங்கள். வேளச்சேரிப் பையன் கார்த்திக், அசோக் நகர்ப் பெண் நித்யா. வீட்டில் பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் வேண்டாம், பொது இடத்தில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று பெற்றோரோடு வந்திருந்தார்கள். "நல்லா கவனிச்சுக்கோ," என்றார் மாமா. கவனித்தேன். எல்லோருக்கும் கருப்பு தோசை.

"இன்னாமா, தீஞ்சு கீதே?" என்றார் நித்யாவின் அப்பா.

"இல்ல சார், இதான் இப்ப டிரெண்ட்."

நம்பிச் சாப்பிட்டார்கள். பெண் பார்க்கும் இடத்தில் யார் வாய்விட்டுச் சிரிப்பார்கள்? எல்லாரும் உதட்டைப் பிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நித்யாவின் அம்மா ஏதோ கேட்க, கார்த்திக் கூச்சம் விட்டுச் சிரித்தான். ஈறு முதல் நுனி வரை கன்னங்கரேல்.

அந்த அம்மா கணவரின் காதில், சமையலறை வரை கேட்கும்படி ரகசியமாகச் சொன்னார்: "பையன் குட்கா போடுவான் போலங்க."

"எம் புள்ள பாக்குகூட தொடமாட்டான்," என்று பையனின் அம்மா கோபமாக வாயைத் திறந்தார். அங்கேயும் அமாவாசை.

மாமா என்னைப் பார்த்தார். நான் கிரைண்டருக்குள் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். நித்யா வேறு குனிந்து தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள், ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று தண்ணீர் டம்ளரோடு ஓடினேன். அவள் நிமிர்ந்தாள். சிரிப்பு. முப்பத்திரண்டும் கரி.

"உங்களுக்குமா?" என்றான் கார்த்திக். அவ்வளவுதான், இருவரும் செல்போனை எடுத்து, பல்லை இளித்து, சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் கை கழுவும் இடத்தில் வரிசையாக நின்று வெந்நீரில் வாய் கொப்பளித்தார்கள். இரண்டு கொப்பளிப்புக்கு நடுவே மண்டபம் வரை பேசி முடித்துவிட்டார்கள்.

அந்தப் படம் ஊர் சுற்றியது. எதிர்க் கடைக்குப் போன மாணவர்கள் "பல்லு தோசை" கேட்டு இங்கே திரும்பினார்கள். மாமா பயந்து கரித்தூளைக் குறைத்தார். பல் கருக்கவில்லை என்று புகார் வந்தது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை அதுதான் முதலில் தீர்கிறது.

எங்கள் வீட்டில்தான் என் பெயர் தேறவில்லை. நான் எதைச் சமைத்து வைத்தாலும், "இத போட்டோவுக்கு முன்னாடி சாப்பிடணுமா, பின்னாடியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். என் நிச்சயதார்த்தத்தன்று கடைசிப் படம் எடுத்து முடியும்வரை சொந்தக்காரர் ஒருவரும் பந்திப் பக்கம் போகவில்லை. சமையல் வேறு ஆள் என்று நானே மைக்கில் சொல்லிப் பார்த்தேன்.