இழுவை சாருக்காக ஒரு கடுகளவு

தலையைக் கழுத்தோடு சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன் என்று படைத்தவனே நேரில் வந்து சொன்னாலும், ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ளக்கூடிய மனிதர் இவ்வுலகில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தொழிற்சாலையின் தரப் பரிசோதகர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் இழுவை சார்.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தொழிற்சாலை. இதயத்துக்குள் அனுப்பும் கதீட்டர் குழாய்களை அங்கே செய்தோம். தொடையின் ரத்தக்குழாய் வழியே நுழைந்து, இதயத்தின் துடிப்பை உள்ளிருந்தே கேட்டுச் சொல்லும் மெல்லிய குழாய் அது. அதன் நுனியில் பிளாட்டினம் வளையங்கள் உண்டு. ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் தலைமுடி போன்ற செம்புக் கம்பி ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். முப்பது பெண்கள் நுண்ணோக்கியில் கண் பதித்து அதைச் செய்தார்கள். அவர்கள் செய்வதைச் செய்முறைக் குறிப்பாக எழுதி வைப்பது, ஆவணப் பிரிவில் இருந்த என் பணி.

ஒவ்வொரு தொகுதியிலும் சில துண்டுகளைக் கருவியில் மாட்டி, அறும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று குறிப்பது சாரின் பணி. அத்தோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது.

அவர் திருமணத்திலேயே இது தொடங்கிவிட்டதாக அவர் மனைவி என்னிடம் சொன்னார். "மூணு முடிச்சுல ஒண்ணு இவரு போட்டாரு, ரெண்டு நாத்தனார் போட்டாங்க. இவரு மூணையும் இழுத்துப் பாத்தாரு மேடம். எனக்கு நாலு நாள் கழுத்து வலி. நாத்தனார் நாலு மாசம் பேசல."

பேருந்தில் ஏறினால் மேலே தொங்கும் கைப்பிடிகளை வரிசையாக இழுத்துக்கொண்டே போவார். ஒருநாள் ஒன்று கையோடு வந்துவிட்டது.

"யோவ், நீ ஏறுனாலே பஸ்ஸு பார்ட் பார்ட்டாதான்யா டிப்போ போவுது!" என்று கத்தினார் நடத்துநர்.

"நான் கழட்டலப்பா. அது முன்னாடியே கழண்டிருக்குது. ஒனக்குத் தகவல் சொன்னேன்," என்று கைப்பிடியை அவரிடம் முறையாக ஒப்படைத்தார் சார்.

தேநீர்க் கடை வாசலில் உப்பு லாரிகள் நின்றால், தார்ப்பாய்க் கயிறுகளுக்கும் அதே மரியாதை கிடைக்கும். முதலில் முறைத்த ஓட்டுநர்கள் பிறகு அவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினர். "ஐயா, ஒரு இழு இழுத்துட்டுப் போங்க. நீங்க இழுத்து நின்னா மெட்ராஸ் வரைக்கும் நிக்கும்."

இந்த நிலையில்தான், கம்பி பற்றவைக்கும் தானியங்கி இயந்திரம் வந்து இறங்கியது. மூன்று நாள் சோதனை ஓட்டம். தேறினால் பெரிய ஆர்டர் எங்களுக்கு. பெண்கள் அதை இயக்கப் பயிற்சி பெறுவார்கள். தேறாவிட்டால் இயந்திரமும் ஆர்டரும் வேறு ஊருக்குப் போய்விடும். முப்பது மேசைகளும் காலியாகும்.

"மறுபடியும் பாத்தியில எறங்கணும்னா எங்கம்மாவே சிரிக்கும் மேடம். கண்ணாடி போட்டுக்கினு உப்பு வாருவியாடின்னு கேக்கும்," என்றாள் செல்வி. பற்றவைக்கும் பெண்களிலேயே கைவேலை சுத்தமானவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்; ஆனால் அன்று அவள் சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை.

முதல் நாள், இழுவைச் சோதனையில் பாதித் துண்டுகள் உரிய அளவை எட்டுமுன்பே அறுந்தன. இரண்டாம் நாள் அதைவிட மோசம். இயந்திரத்தோடு சென்னையிலிருந்து வந்த பொறியாளர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மெஷின் வாயில இருந்து வர்றப்ப நல்லாத்தான் இருக்குது. டெஸ்ட் டேபிளுக்குப் போறதுக்குள்ள செத்துடுது. நடுவுல அப்படி என்னதாங்க இருக்குது?"

நடுவில் இருந்தவை பத்தடித் தரை, ஒரு தட்டு, அதை ஏந்திச் செல்லும் இழுவை சார். சுவர்க் கடிகாரத்தின் ஓசை போல அவர் எங்களுக்குப் பழகிவிட்டிருந்தார். ஆகவே அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

செல்வி மட்டும் என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தாள். "மேடம், மெஷினு சாருக்குன்னு வுடல."

"எதை?"

"லூஸ். கடுகத்தனை. டேபிளுக்குக் கொண்டு போறப்ப சாரு எப்பிடியும் ஒவ்வொண்ணையும் ரெண்டு வெரலால புடிச்சு இழுப்பாருல்ல? வளையம் கொஞ்சம் அசைஞ்சு குடுத்து நின்னுட்டா, உள்ள கம்பி புடிச்சிருக்குதுன்னு வுட்டுடுவாரு. அதுக்குன்னே நாங்க கம்பியில கடுகத்தனை லூஸ் வுட்டுத்தான் வைப்போம். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுப்போம்."

ஒன்பது ஆண்டுகளாக நான் எழுதித் திருத்திய செய்முறைக் குறிப்பில் அந்தக் கடுகு எங்குமே இல்லை. முப்பது பெண்கள், ஒருவரின் விரலுக்கு இடம்விட்டு, அளவு பிசகாமல் வேலை செய்திருக்கிறார்கள். இயந்திரமோ வரைபடத்தை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தது. சாரை அதற்குத் தெரியாது. அது கம்பியைத் தளர்வின்றிப் பற்றவைத்தது. வளையம் அசையாததால் சந்தேகப்பட்ட சார், இன்னும் அழுத்தமாக இழுத்திருக்கிறார். அதில் நைந்த பற்றுதான் பிறகு கருவியில் சீக்கிரமே அறுந்திருக்கிறது.

சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் சொல்லி முடித்ததும் அவர் தம் இரண்டு விரல்களையும் நெடுநேரம் பார்த்தார்.

"அப்போ நாந்தான் அறுத்தேனா?"

"மெதுவாத்தான் சார் இழுத்தீங்க," என்றாள் செல்வி.

"எத்தனை தடவ?"

"ஒவ்வொண்ணையும் மூணு தடவ சார்."

மறுக்க நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம். இயந்திரத்தின் மீது பழி விழுந்திருக்கும். அவருடைய வேலைக்கு ஆபத்து இல்லை. அவரோ குறையறிக்கைப் படிவத்தை என்னிடம் கேட்டு வாங்கினார். 'குறைக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'நான்' என்று எழுதினார். 'திருத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில் 'கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுதல்' என்று எழுதி, கையொப்பமிட்டார்.

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். "இத இப்பிடியே அனுப்பட்டுமா?"

"இழுத்துப் பாருங்க சார். நிக்கும்."

மூன்றாம் நாள் பொறியாளரே தட்டை ஏந்தி, கோயில் பிரசாதம்போல் இரு கைகளாலும் சுமந்து பத்தடி நடந்தார். சார் சுவரோரம் கைகளைப் பின்னால் கட்டி நின்றார். தட்டு அவரைக் கடந்தபோது அவர் தோள்கள் மட்டும் ஒருமுறை துடித்தன. கருவியில் மாட்டிய துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அளவைத் தாண்டித் தாங்கின. கடைசித் துண்டும் தேறியதும் எழுந்த கூச்சலில் காவலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். செல்வி சாப்பாட்டுப் பையைத் திறந்து, மாலை நாலரை மணிக்கு மதியச் சோற்றைச் சாப்பிட்டாள்.

ஆர்டர் வந்தது. மேசைகள் நிலைத்தன. சார்தான் நிலைகொள்ளவில்லை. பின்னால் கட்டிய கைகளுடன் வளாகத்தில் சுற்றிச் சுற்றி வந்தார்; முகம் வாடிப்போயிற்று. ஒரு மாலை, வாயிலில் செல்வி அவர் முன்னால் நின்று தன் பையின் காதை நீட்டினாள்.

"இத வேணா இழுத்துப் பாருங்க சார். மெஷினு ஒண்ணும் கோச்சுக்காது."

அவர் இழுத்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவளும் பையை நீட்டினாள். அன்றிலிருந்து தினமும் முப்பது பைகள் வரிசையில் நின்று, இழுபட்டு, தேறி, வீடு திரும்பின. என் பையும்தான்.

"மேடம், இந்த வாருல ரெண்டு தையல் போயிடுச்சு. நாளைக்குத் தச்சுக்கினு வாங்க," என்பார். நானும் தைத்துக்கொண்டு வருவேன்.

பிறகு எனக்கு வேறு ஊரில் வேலை அமைந்தது. சென்ற வாரம், நெரிசலான பேருந்தில் என் பையின் வார் அறுந்து, டப்பாவும் புத்தகமும் கண்ணாடிக் கூடும் தரையெங்கும் உருண்டன. நால்வர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல ஊர்தான். ஆனாலும் அறுந்த வாரைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது: இதை யாரும் இழுத்துப் பார்த்து எத்தனை மாதங்கள் ஆகிவிட்டன.