பின்னாடியார் சாரும் பாதியில் நின்ற கத்திரிக்காயும்

எனக்குத் தெரிந்து ஹைதராபாத்தில் கடவுளுக்கு அதிக நஷ்டம் உண்டாக்கியவர் பின்னாடியார் சார்தான். நாத்திகர்கள் எல்லாம் அவருக்கு அப்புறம்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவன்கூட, ஒரு வாரம் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சாமி பெயரைக் கேட்டதுமே பல்லைக் கடிப்பான்.

பாலாநகர் ஃபேக்டரியில் அவர் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். நான் அசெம்பிளி. காலையில் இரண்டு பேரும் திருமுல்கேரியில் கம்பெனி பஸ் ஏறுவோம். திருநெல்வேலிக்காரர். எதைப் பார்த்தாலும் "இதுக்குப் பின்னாடி யாரு?" என்று கேட்பார். அதனால் அந்தப் பெயர்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "எடுத்த எடுப்புல சாமியப் பத்திப் பேசப்படாதுவே. பேச்சு தானா அங்க போய் நிக்கணும்."

தானாகவாம். "வெயில் ஜாஸ்தில்லா?" என்பார். தெரியாத்தனமாக ஆமாம் என்றால் தொலைந்தோம். "அந்தச் சூரியனுக்குப் பின்னாடி யாரு?" தும்மினால்கூட விடமாட்டார். நீராகத் தும்மினீரா, தும்ம வைத்தது யார் என்பார்.

ஒரு நாள் டிரைவரிடமே போய், "பிரேக் போடுதது நீரா, உமக்குப் பின்னாடி ஒருத்தரா?" என்று கேட்டார். அவன் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழன்; 'ஏன்' என்பதற்கு உருதுவில் 'கைக்கு' என்றுதான் வரும் அவனுக்கு.

"நான்தான் சாப் போடறேன், கைக்கு டவுட்டு? எனக்குப் பின்னாடி நீங்கதான் நிக்கிறீங்க. போய் உக்காருங்க."

ஐந்து வேளை தொழும் ஃபிட்டர் பாய் இன்னும் நேராகச் சொல்லிவிட்டார்: "நாங்க அவன்கிட்டயே டைரக்டா பேசிக்கிறோம் சாப். நடுவுல நீங்க நக்கோ, வேணாம்."

அவர் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். லேட்டாக வருகிறவனுக்கு அதுதான் தண்டனை.

ஒரு நாள் லேட்டாக வந்தவன் நான். என் இரண்டு வயதுப் பையன் டைஃபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஜுரம் இறங்கவே இல்லை. இன்றைக்குத் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கூட இருக்க என் மனைவியை மட்டும்தான் விட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வேலைக்குக் கிளம்பியிருந்தேன்.

"என்னவே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

சொன்னேன். சொன்ன வேகத்தில் கோபமும் வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் பின்னாடி யாருன்னு கேப்பீங்களே. டைஃபாய்டுக்குப் பின்னாடி யாரு? சொல்லுங்க சார்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். போயன்பள்ளி தாண்டியபின், "தெரியலவே" என்றார்.

அதற்கப்புறம் என் மனத்தை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார் பாவி மனுஷர். அவரிடம் வேறு சரக்கு இருந்தால்தானே.

"மழை வந்தா தேவல. மழைய..." நிறுத்திக்கொண்டார். "பஸ்ஸு இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டு. எல்லாம்..." உதட்டைக் கடித்துக்கொண்டார். "வீட்ல கத்திரிக்கா போட்டிருக்கேன். காய்ச்சுத் தொங்குது. அதுக்கு அம்புட்டு அழகா காம்பு..." என்று ஆரம்பித்து, வேர்த்துப்போய்க் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பையன் பிழைத்துவிட்டான். அவன் வீடு வந்த மறுநாள் பஸ்ஸில் பாதி சீட் காலி. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பையன் எப்படி இருக்கான்வே?"

"இட்லி கேட்டு அழறான் சார்."

அவர் வாய் திறந்தது. என்ன வரப்போகிறதென்று எனக்குத் தெரியும். ஆனால் விழுங்கிவிட்டார். "நல்லது" என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"கத்திரிக்காய்ல விட்டீங்க சார். அந்தக் காம்புக்குப் பின்னாடி யாரு?"

பாலாநகர் கேட் வரை அவர் நிறுத்தவில்லை. எனக்கு இன்றைக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் ரிடையர் ஆகும்வரை நான் அந்த சீட்டை விட்டு மாறவில்லை.