பதினொரு துப்பாக்கிகளும் ப்ரேபனின் டிவியும்

ஏழாவது துப்பாக்கிக்கு ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ப்ரேபன் வந்து கதவைத் தட்டினார். விபேக்கா மேஜைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போய்த் திறந்தாள்.

“விபேக்கா, உங்க வீட்டு டிவி தானா சேனல் மாத்துதா?”

“இல்லையே. ஏன்?”

“எங்க வீட்டுல மாத்துது. இத்தாலி சைக்கிள் பந்தயம். மலையேத்தம். நம்ம டென்மார்க் பையன் முன்னால போறான். திடீர்னு ஒருத்தி வந்து ரோஜாவுக்கு எப்படி உரம் போடறதுன்னு சொல்லித்தர்றா!”

“ஐயோ.”

“நேத்து மட்டும் ஆறு தடவை.”

“டிவி பழசாயிருக்கும்.”

“பழசா? போன கிறிஸ்துமஸுக்கு வாங்கினதும்மா!”

அவர் போனதும் விபேக்கா துண்டை எடுத்துவிட்டு, கிடந்ததை உற்றுப் பார்த்தாள். வடிகால் குழாய்த் துண்டுகள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு லென்ஸ், அதன் பின்னால் ஒரு அகச்சிவப்பு எல்.இ.டி. விசையை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒளி பாயும். எதிராளியின் ஜாக்கெட்டில் இருக்கும் சின்னக் கண்ணில் அது பட்டால் சிவப்பு விளக்கு எரிந்து ஜாக்கெட் ஊளையிடும். லேசர் விளையாட்டு என்று பெயர், லேசர் மருந்துக்கும் கிடையாது. டிவி ரிமோட்டில் இருக்கும் அதே ஒளிதான்.

மேஜை ஜன்னலோரம் இருந்தது. எதிரே ஒரு லைலாக் புதர். அதற்கு அந்தப் பக்கம் ப்ரேபனின் கூடத்து ஜன்னல்.

போய்ச் சொல்லிவிட ஒரு வாக்கியம் போதும். ஆனால் விபேக்காவுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் எப்போதும் வராது. பேருந்து தாமதமானால்கூட நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றும். கேட்கவும் மாட்டாள், மறக்கவும் மாட்டாள். இப்போது பிரிந்துவிட்ட கணவன் ஜெஸ்பரோடு வாழ்ந்த ஒன்பது வருடமும் அப்படித்தான் போயிற்று. மேலும், சொன்னால் ப்ரேபன் நிறுத்தச் சொல்வார். மகள் அஸ்தாவின் பத்தாவது பிறந்தநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். போன வருடம் கொண்டாட்டம் அப்பா வீட்டில் நடந்தது. இந்த வருடம், “எங்கம்மாவே துப்பாக்கி செய்யறாங்க” என்று அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு பெண்ணை அழைத்தால் வகுப்பின் எல்லாப் பெண்களையும் அழைக்க வேண்டும் என்பது பள்ளியின் வழக்கம். ஆக, பதினொரு துப்பாக்கி.

ஜெஸ்பர் போனில் அன்பாகவே சொன்னான்: “முடியலைன்னா சொல்லு. விளையாட்டு ஹால்ல ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேன்.”

அந்த ‘முடியலைன்னா’ மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

அவள் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டாள். நகராட்சியில் கழிவுநீர்க் குழாய் வரைபடங்களைச் சரிபார்த்துவிட்டு மூன்று மணிக்கு வீடு திரும்பி, இருட்டறையில் சோதனை செய்தாள். பந்தயம் சூடுபிடிக்கும் நேரமும் அதுதான்.

“எட்டு தடவை!” என்றார் ப்ரேபன், வேலிக்கு மேலாக.

ஒளியின் பலத்தைக் குறைத்தாள். இருபது மீட்டர் பாய்ந்தது இரண்டு மீட்டரில் நின்றது. அஸ்தா சுட்டுப் பார்த்தாள்.

“அம்மா, இதுக்கு நேரா போய்க் குத்திட்டே வந்துடலாம்.”

“கிட்ட வந்து சுட்டாத்தான் வீரம்.”

“ஹால்ல இருக்கறது அம்பது மீட்டர் போகும்னு அப்பா சொன்னாரே.”

ஒளியைத்தான் கூட்ட முடியாது, பார்க்கும் கண்ணைக் கூர்மையாக்கலாமே என்று, ஜாக்கெட்டுகளை அகச்சிவப்பு ஒரு துளி பட்டாலும் ஊளையிடும்படி மாற்றினாள்.

“ஒன்பது! கடைசி ஐநூறு மீட்டர்ல!” என்றார் ப்ரேபன்.

வேறு வழியில்லாமல் இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். அவர் காபி எடுக்கப் போன சமயம் டிவியின் கண்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டாள். அன்று சேனல் மாறவில்லை. ப்ரேபன் மாற்ற நினைத்தபோதும் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் டிவியின் பின்புறம் தடவிப் பொத்தானைத் தேடியதில் இரண்டே நாளில் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. விசித்திரம் என்னவென்றால், எப்போதும் தோட்டத்திலேயே இருக்கும் அவர் மனைவி ரிக்மோரும் அந்த இரண்டு நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

‘கண்டுபிடித்துவிட்டாள்’ என்று விபேக்கா நடுங்கினாள். மறுநாள் இன்னொரு தட்டு ரொட்டியோடு போய் டேப்பை உரித்துக்கொண்டு வந்தாள். மாலையில் ரிக்மோர் வேலிக்கு மேலாக தோட்டத்தில் விளைந்த ஒரு கட்டு புளிப்பு ருபார்ப் தண்டை நீட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு விபேக்காவை இன்னும் குன்ற வைத்தது.

சனிக்கிழமை வந்தது. வெயிலில் ஜாக்கெட்டின் கண்கள் குருடாகிவிடும் என்பதால், டென்மார்க்கிலேயே அவள் ஒருத்திதான் மேகம் வேண்டிக்கொண்டிருந்தாள். உடனே கிடைத்தது.

பெண் வடிவில் செய்த பிறந்தநாள் கேக்கின் கழுத்தை அஸ்தா அறுத்தாள். கழுத்து அறுபடும்போது அலறுவது அந்த ஊர் வழக்கம், எல்லாரும் அலறினார்கள். ஒரு அலறல் மட்டும் நிற்கவில்லை. அது ப்ரேபனுடையது, அவர் ஜன்னலிலிருந்து வந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் லைலாக் புதரருகே ஒரு ஜாக்கெட் ஊளையிட்டது.

“ஏய், யாருடி என்னைச் சுட்டது?”

“நான் இல்லப்பா, நான் ஷூ லேஸ் கட்டிட்டு இருக்கேன்!”

இன்னொன்று. பிறகு ஒரே நேரத்தில் மூன்று. புதர்ப் பக்கம் போனவர்கள் எல்லாம், யாருமே சுடாமல், செத்துச் செத்துத் திரும்பினார்கள். விபேக்கா ஸ்க்ரூடிரைவரோடு ஒவ்வொரு ஜாக்கெட்டாகத் திறந்து மூடினாள். காதுமடல் கொதித்தது.

காபிக் கோப்பையோடு நின்ற ஜெஸ்பர் மெல்லச் சொன்னான்: “அஞ்சு மணி வரைக்கும் ஹால் நமக்குத்தான்.”

எல்லாரும் அஸ்தாவைப் பார்த்தார்கள். அஸ்தா புதரைப் பார்த்தாள். அவள் முகம் அழப்போவது போலக் கோணி, பிறகு விரிந்தது.

“அப்பா, சும்மா இருங்க! அங்க ஒரு எதிரி ஒளிஞ்சிருக்கா! இதெல்லாம் ஹால்ல கிடைக்குமா? வாங்கடி, சுத்தி வளைப்போம்!”

பதினொரு பேரும் புல்லில் தவழ்ந்தார்கள். விபேக்காவின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் தானாகக் கீழே விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. நேரே போய் ப்ரேபனின் கதவைத் தட்டினாள்.

“ப்ரேபன், உங்க டிவியை மாத்தினது நான்தான். என் துப்பாக்கிதான். டேப் ஒட்டினதும் நான்தான். மன்னிச்சிடுங்க.”

ப்ரேபன் வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டார். வெளியே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

“குழந்தைக்காகச் செஞ்சே. போகட்டும். ஆனா இன்னையோட அதையெல்லாம் குப்பையில போட்டுடணும், சரியா?” என்று சொல்லிவிட்டு நொண்டியபடி டிவிக்குத் திரும்பினார்.

விபேக்கா பத்து கிலோ எடை குறைந்தவள்போலத் தோட்டத்துக்கு வந்தாள்.

“அம்மா, எதிரி மாட்டிக்கிட்டா!” என்று கத்தினாள் அஸ்தா.

லைலாக் புதருக்கு அந்தப் பக்கம், கூடத்து ஜன்னலுக்கு அடியில், களைக்கொத்தும் கையுமாக ரிக்மோர் குந்தியிருந்தாள். இன்னொரு கையில், மண் அப்பிய தோட்ட உறைக்குள், ஒரு டிவி ரிமோட். அது ஜன்னல் கண்ணாடியை நோக்கி நீண்டிருந்தது. உள்ளே ப்ரேபன் அலறினார். வெளியே அஸ்தாவின் ஜாக்கெட் ஊளையிட்டது.

ரிக்மோர் விபேக்காவின் காதருகே குனிந்தாள்.

“நீ ஒத்துக்கிட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு, நல்ல பொண்ணு. பந்தயம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கு; அதுவரைக்கும் அந்தத் துப்பாக்கிகளை மட்டும் குப்பையில போட்டுடாதே.”