முதுகு பிடித்த சாமி

முதல் வாணவெடி ஆற்றங்கரையில் வெடித்தபோது, சான் இசித்ரோ சாமியின் மரச்சிலையிலிருந்து சுண்டுவிரல் எவெலியோவின் துடைக்கிற துணியோடு வந்துவிட்டது.

"ஐயையோ! தொமாசா, ஓடி வா!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "வருஷம் முழுக்கப் பத்திரமா வெச்சிருந்துட்டு, இன்னைக்கா?"

சாமியைப் பார்த்துக்கொள்ள அவரைத் தேர்ந்தெடுத்தது ஊர்க்காரர்களான நாங்கள்தான். எங்கள் புத்தி அவ்வளவு.

பக்கத்து ஊர்ச் சாமி சான் மார்க்கோஸ் திருவிழாவுக்கு வெடி முழங்க ஊர்வலமாக வந்துகொண்டிருந்தார். கோயில் வாசலில் இரண்டு சாமிகளும் மூன்று முறை குனிந்து வணங்கிக்கொள்ள வேண்டும். வணங்காவிட்டால் இரண்டு ஊருக்கும் நடுவே சமாதானம் முறிந்தது. முன்பு ஒருமுறை முறிந்து, முப்பது வருஷம் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. எவெலியோவின் மகள் ருஃபீனாவுக்கு அடுத்த மாதம் அந்த ஊரில்தான் கல்யாணம்.

"சோளமாவு வெச்சு ஒட்டுங்க."

ஒட்டி, முற்றத்து வெயிலில் காயவைத்தார். கோழி வந்து மாவைக் கொத்தியது. விரலையும் கொண்டுபோனது.

"வேற விரல் செதுக்கி ஆணி அடிச்சிடறேன்."

முதல் அடியில் முழங்கை வரை கழன்றது. இரண்டாவதில் தோளே வந்தது.

"நிறுத்துங்க! இன்னொரு அடி அடிச்சா சாமி பக்கத்துல செதுக்கியிருக்கிற மாட்டையும் கொன்னுடுவீங்க!"

இரண்டாவது வெடி தெருமுனையில். கையைக் கயிற்றால் கட்டி, தொமாசாவின் கல்யாணச் சால்வையைப் போர்த்தித் தூக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே 'கடக் கடக்' என்றது.

கோயில் வாசலில், தூசிக்கு முக்காடு போட்டபடி சான் மார்க்கோஸ் காத்திருந்தார். இங்கே குனிந்தால் கை தரையில்தான். எவெலியோவின் புத்திக்கு முன்னால் வாய் ஓடியது.

"எங்க சாமி இன்னைக்கு வணங்கமாட்டார்! முதுகு பிடிச்சுக்கிச்சு!"

மேளக்காரனின் குச்சி அந்தரத்தில் நின்றது. யாரோ கல் பொறுக்கினார்கள்.

"அப்பா!" ருஃபீனாவின் குரல் உடைந்தது. "என் கல்யாணம்!"

எதிர் ஊர்வலத் தலைவர், சம்பந்தியாகப் போகிற நிக்கனோர், கைத்தடியோடு விறுவிறுவென்று வந்தார். எவெலியோ கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. நிக்கனோர் அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்துக் காதோடு சொன்னார்:

"மகராசனா இருங்க சம்பந்தி! ஆத்தைத் தாண்டறப்ப எங்க சாமிக்குத் தலையே கழண்டு விழுந்துடுச்சு, முக்காட்டுக்குள்ள இருக்கறது சுரைக்காய்!"