பேசாத மாப்பிள்ளையும் நான்கு வேலுசாமிகளும்

அன்புத் தம்பி அய்யனாருக்கு,

ஆத்தூரிலிருந்து அண்ணன் வேலுசாமி எழுதுவது. உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே ஒருவரும் சுகமில்லை. நம் தீபாவின் கல்யாணம் முறிந்துவிட்டது. முறித்தவன் நான்தான்.

டென்மார்க்கில் அவளோடு வேலை பார்க்கும் லார்ஸ் என்பவர் பெண் கேட்டு வந்தார் அல்லவா? வந்தவர் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. சமையல் பிடிக்காமல் கோபமோ என்று உன் மதினி ஒச்சம்மாள் ஐந்து வகை வெஞ்சனம் வைத்துப் பார்த்தாள். அப்போதும் பேச்சில்லை. "என்னத்தா, இம்புட்டுத் திமிரா?" என்று தீபாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "திமிரில்லப்பா. அவுக ஊர்ல மனசு நெறஞ்சிருந்தா பேச மாட்டாக. நீங்க ஓயாம பேசுறதப் பாத்து, ஒங்களுக்கு என்னமோ பயம்னு நெனைக்கிறாரு" என்றாள்.

எனக்கா பயம்! மூன்றாம் நாள் அவரே, நான் எப்படிப்பட்ட குணமுள்ள ஆள் என்று தீபாவை விட்டுக் கேட்டார். "யாருகிட்ட?" என்றேன். நியாயமான கேள்விதானே தம்பி? அவருக்குப் புரியவில்லை. விளக்கப் போனது என் தலையெழுத்து. பூ மார்க்கெட் கமிஷன்காரரிடம் முரடன், உன் மதினியிடம் சாது, பேங்க் மேனேஜரிடம் ஊமை, உன்னிடம் கறார் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "அவுக ஊர்ல ஒருத்தருக்கு ஒரு குணந்தானாம்ப்பா. ஆளுக்கு ஆள் மாறுனா நடிப்பாம். இதுல எது நெசமான ஒங்கப்பான்னு கேக்குறாரு" என்றாள். "நாலும் நாந்தேன்!" என்று கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கமிஷன்காரர் போன் செய்தார். பணப் பாக்கிக்காக அவரை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டு, போனை வைக்கும்போது "சாப்டீகளாண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன். தீபா அதையும் மொழிபெயர்த்தாள். இன்று விடிந்ததும் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட்டார்கள். "நல்லாப் பேசுனீக" என்று சொல்லிவிட்டு உன் மதினி அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கிருந்து சோறு மட்டும் வருகிறது. பெற்ற மகளுக்கு இப்படி ஒரு அப்பன் வேண்டாம் தம்பி.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்காவது உள்ளூரிலேயே சம்பந்தம் அமையட்டும்.

உன் பாவப்பட்ட அண்ணன்,
வேலுசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தீபா போன் செய்தாள். கோபமில்லையாம், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுற்றிப் பார்க்கத்தான் போனார்களாம். "நேத்தே சொன்னேனேப்பா, நீங்க எங்க கேட்டீக!" என்கிறாள். தன்னை முரடன் என்று தானே சொல்லிக்கொள்ளும் மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன், இவர் பொய் சொல்ல மாட்டார் என்றாராம் லார்ஸ். தை மாதம் கல்யாணம். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பத்து நாள் முன்னதாகவே வந்து சேர். அவருடைய அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள்; அவர்களிடம் நான் எப்படிப்பட்ட ஆளாக இருப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.